கிணற்றில் இறக்கிய போஜோலே

1926 பிப்ரவரி 11 தேதியிட்ட அந்தக் கடிதத்தின் நகல் என் குறிப்பேட்டில் இருக்கிறது. லியோன் நகரத்து மது வியாபாரி ஒருவர், ரங்கூனில் நான் வேலை பார்த்த இறக்குமதிக் கடைக்குப் பிரெஞ்சில் எழுதியது. போஜோலே வட்டாரத்துச் சிவப்பு ஒயின் ஆறு புட்டி மாதிரிக்கு அனுப்புவதாகவும், அது கனமில்லாதது என்பதால் வறுத்த கோழி, உப்பிட்ட பன்றித்தொடை, மென்மையான பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்குப் பொருந்தும் என்றும் சொல்கிறது. கடைசி வரி: 'ஃப்ரே'யாகப் பரிமாறவும். அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று.

கடையில் பிரெஞ்சு தெரிந்தவர் தலைமைக் குமாஸ்தா மட்டுமே. காரைக்கால்காரர். அவருடைய பிரெஞ்சு மீன்கடைப் பிரெஞ்சு. அங்கே 'ஃப்ரே' என்றால் அன்று பிடித்த மீன்.

"புதுசா இருக்கணும்கிறான். விருந்தாளி கண்ணு முன்னாடி தக்கையைப் பிடுங்கி ஊத்தணும், அவ்வளவுதான்" என்றார். அதையே ஆங்கிலத்தில் கடை முதலாளியான துரைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரலில் பெட்டி வந்ததும், துரை ஹோட்டல் முதலாளிகள் சிலரைத் தம் பங்களாவுக்கு மத்தியான விருந்துக்கு அழைத்தார். அவருடைய சமையல்காரர் பிரெஞ்சுக் கப்பல்களில் பல வருடம் சமைத்த தஞ்சாவூர்க்காரர். அன்று காலை ஆறு புட்டிகளையும் கூடையில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். ஏற்பாடுகளைப் பார்க்க என்னோடு வந்திருந்த தலைமைக் குமாஸ்தா பதறினார்.

"யோவ், சிவப்பு ஒயினை எவனாவது குளிப்பாட்டுவானா?"

"இந்த வெயில்ல குளிக்காம வந்தா கஷாயம்தாங்க ஐயா. ஐஸ் வச்சா வாசனை செத்துடும். கிணத்துத் தண்ணி போதும்."

"கடுதாசில அப்படியா போட்டிருக்கு?"

"கடுதாசி எனக்குத் தெரியாதுங்க. வாய் தெரியும்."

மிளகாய் பட்டால் ஒயின் கசக்கும் என்று கோழியை வெறும் மிளகும் வெண்ணெயும் தடவி வறுத்திருந்தார். விருந்தில் ஆறு புட்டியும் காலி. ஆனால் ஒரு விருந்தாளி புட்டியைத் தொட்டுப் பார்த்து, ரங்கூனில் சிவப்பு ஒயினுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் போலிருக்கிறதே என்று சிரித்தார். துரையின் முகம் சுண்டியது. குமாஸ்தா எழுதிக் கொடுத்ததில் இல்லாததைச் செய்தார் என்று அன்று சாயங்காலமே சமையல்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சிவப்பு ஒயின் அறையின் சூட்டில் இருக்க வேண்டுமாம். எந்த ஊர் அறை? குளிர் தேசத்துக் கல்வீட்டு அறையா, உள்ளே மெழுகுவர்த்தி வளைந்துபோகும் நம் ரங்கூன் அறையா?

அடுத்த ஞாயிறு நூலகத்துப் பிரெஞ்சு-ஆங்கில அகராதியைப் புரட்டினேன். 'ஃப்ரே' என்பதற்கு முதல் பொருளே 'குளிர்ச்சியான'. 'புதிய' என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. படியெடுத்துத் தலைமைக் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

"அகராதி எழுதினவன் காரைக்காலுக்கு வந்திருக்கானா தம்பி?" என்றார், தலை நிமிராமல்.

துரையிடம் போனேன். முடிந்துபோன விஷயம் என்றார். தவறாக மொழிபெயர்த்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்து அச்சான எங்கள் விலைப்பட்டியலில் போஜோலேவுக்கு எதிரே, 'திறந்தவுடன் பரிமாறவும்' என்றே இருந்தது. கடிதத்தைப் படிக்காமலே அதன்படி நடந்த ஒரே மனிதர் தெருவில் நின்றார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

அந்தச் சமையல்காரர் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஒரு சாப்பாட்டு விடுதியில் சேர்ந்துவிட்டதாகவும், அங்கே ஒயின் கேட்பவர்களுக்குக் கிணற்றிலிருந்துதான் புட்டி ஏறி வருகிறது என்றும் துறைமுகத்தில் ஒருவர் சொன்னார். இரண்டு முறை தேடிப் போனேன். அந்த விடுதி அகப்படவில்லை. ஆகவே அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது என்பதைச் சரிபார்க்கப்படாத செய்தியாகவே குறித்து வைத்திருக்கிறேன்.