புகையில் காய்ந்த குருத்து

வில்னியஸ் பக்கத்துக் கிராமங்களில் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு ஓலை கிடையாது. கோடையில் பறித்த பூவையும் புல்லையும் காயவைத்து, குளிர்காலத்தில் ஒரு குச்சியில் அடுக்கடுக்காகக் கட்டினால் அதுதான் குருத்து. தன்னைத் தவிர ஒருத்திக்கும் அதைக் கட்டத் தெரியாது என்பது ஸ்டெபானியாவின் எண்ணம். அந்த எண்ணத்தைத் தவிர அவளிடம் பெரிதாக வேறொன்றும் இருந்ததில்லை. கணவன் இருந்தான், அவனை அவள் கணக்கில் சேர்த்ததில்லை.

வருஷா வருஷம் பங்குச் சாமியார் அவள் குருத்தைத்தான் ஏந்திக்கொண்டு பவனிக்கு முன்னால் நடப்பார். அந்த ஒரு நடைக்காக மற்ற நாளெல்லாம் ஊரை மட்டம் தட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு கோடையில் மழை விடவே இல்லை. பரண் ஒழுகி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட பூக்களில் பூஞ்சணம் பிடித்தது. நாத்தனார் ஸோஃபியா வந்து பார்த்தாள்.

"அண்ணி, எங்க பரண் காஞ்சுதான் கெடக்கு. கொண்டாந்து தொங்கவிடுங்க."

"எலி மோந்து பாத்த பூவையா சாமி கையில குடுக்கச் சொல்ற? அதெல்லாம் உன் பவிசு. எனக்கு வேணாம்டி."

நாத்தனாரை அனுப்பிவிட்டு, புதிதாகப் பறித்த பூக்களைப் பன்றித்தொடைக்குப் புகை போடும் கொட்டகையில் தொங்கவிட்டாள். நன்றாகவே காய்ந்தன, நிறமும் மங்கவில்லை. வாசம்? அந்தக் கொட்டகையிலேயே பாதி ஆயுளைக் கழித்த மூக்கு அவளுடையது. அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை.

குருத்து ஞாயிறு வந்தது. தவக்காலம் என்று ஊரே வாரக்கணக்காகக் கறியைத் தொட்டிருக்கவில்லை. ஸ்டெபானியா நிமிர்ந்த தலையோடு கோயிலுக்குள் நுழைந்ததும் வரிசை வரிசையாக மூக்குகள் திரும்பின. சாமியார் குருத்தை வாங்கி முகர்ந்தார்.

"இதென்னம்மா, பூவா, பன்னித்தொடையா?"

"பூதான் சாமி! என்னைவிட்டா இப்படி எவ கட்டுவா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா இதைத் தூக்கிக்கிட்டு நான் முன்னால நடந்தா, பின்னால ஒருத்தரும் ஜெபம் சொல்ல மாட்டாங்க, எச்சில்தான் முழுங்குவாங்க. நோன்பு முடிஞ்சு ஈஸ்டர் அன்னிக்கு வச்சுக்க."

அவர் கை பக்கத்தில் நின்ற ஸோஃபியாவின் வெளிறிப்போன குருத்தை எடுத்துக்கொண்டது.

பவனியின் கடைசியில் ஸ்டெபானியா தன் குருத்தைத் தானே சுமந்து நடந்தாள். கறிக்கடை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு அவளை விடாமல் தொடர்ந்தது. ஸோஃபியா பின்தங்கி வந்து காதோடு சொன்னாள்.

"அடுத்த வருஷமும் எங்க பரண்ல எடம் இருக்கு அண்ணி."

பதிலுக்குச் சுடச்சுட ஏதாவது சொல்ல ஸ்டெபானியா வாயைத் திறந்தாள். அதற்குள் நாய் எட்டி ஒரு பூவைக் கவ்விவிட்டது.