வெளுப்பு எங்கள் நிறமல்ல

முதலில் பச்சரிசி தின்ன ஆரம்பித்தேன். உலைக்குக் களைந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். என் கணவர் கேலி செய்வார். "என்னா புள்ள, இந்த வயசுல மசக்கையா?" இரத்தம் குறைந்தவர்களுக்கு இப்படிக் கண்டதையும் தின்னத் தோன்றும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். போகப் போக, மலையேறினால் மூச்சு வாங்கியது. மாதவிடாய் நாட்களில் படுக்கை நனைந்தது. வயசாகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் மாரியாயி அக்காவும், "நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜந்தானே" என்றார்.

ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு சாய்ந்து விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி (புற்றுநோய் அல்லாத சதைக்கட்டி). அதனால் பெரும்போக்கு (அளவுக்கு மீறிய மாதவிடாய் இரத்தப்போக்கு), அதனால் கடுமையான குருதிச்சோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைந்துபோவது). கட்டியை எடுத்தாக வேண்டும். ஆனால் இந்த இரத்தத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்றார் வைத்தியர். போக்கைக் குறைக்க ஒரு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்து அனுப்பினார்.

ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனாலும் கிளினிக்கில் சோதித்த ஒவ்வொரு முறையும் இரத்தம் ஏறாமலே நின்றது. கடைசியில் வைத்தியர், இவர்கள் மாத்திரையை வாங்கிப்போய் எறிந்துவிடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற தாதியிடம் (நர்ஸ்) சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் எறிந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று சிங்களத்திலேயே கேட்டேன். அன்றுதான் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

தாதி தமிழ்ப்பெண். "எதோட முழுங்குறீங்கக்கா?" என்று கேட்டார்.

"ரொட்டி தின்னுட்டு, தேத்தண்ணியோடதான் மிஸி."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். தேத்தண்ணிக்கும் அதற்கும் நடுவே ஓரிரு மணிநேரமாவது விட வேண்டும். வைத்தியரும் தணிந்த குரலில், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஆறவில்லை. விடிந்தால் தேத்தண்ணி, மலையில் தேத்தண்ணி, வீடு திரும்பினால் தேத்தண்ணி. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வேறு எதைக் குடிப்பார்கள் என்று நினைத்தார்கள்? ஏழை நாட்டுப் பெண்களெல்லாம் சோகையில் வாடுகிறார்கள் என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. அதில் கீரை இருக்கிறது, முட்டை இருக்கிறது. தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் மலையில் தேத்தண்ணி வந்தபோது நான் வாங்கவில்லை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி சிரித்தார். "என்னாக்கா, தேத்தண்ணிக்கும் வெரதமா?"

"வெரதமெல்லாம் இல்லண்ணே. நாளையிலருந்து கொதிச்ச தண்ணியும் கொண்டாங்க. மாத்திர போடுறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க."

"அதெல்லாம் தோட்டத்துத் தொரைகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. இல்லாட்டி நாங்க எல்லாருமே போய்க் கேக்குறோம்."

தண்ணீர் வந்தது. அன்றே மாரியாயி அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைத் துணிபோல இருந்தது. "சகஜம்னு சொன்னீங்கல்ல? வாங்க, நாளைக்கு டிஸ்பென்சரிக்குப் போறோம்" என்றேன். மறுநாள் கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

மெல்ல என் இரத்தம் ஏறியது. கட்டியை எடுத்தார்கள். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று, எங்கும் நிற்காமல் மலையுச்சி வரை ஏறினேன். அங்கே நின்று கோபத்தில் அழுதேன். முதுமை என்று நான் சுமந்தது முதுமையே இல்லை. பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட எழ முடியாமல் சுருண்டு கிடந்த அந்த மாலைகளை இனி யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று நான் இளையவள்.

தங்கச்சி, உன் களைப்பை வயசு என்றோ பழக்கம் என்றோ யாராவது சொன்னால் தலையாட்டாதே. இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பேசச் சொல்.