கரண்டிவாயனுக்கு டிக் அடித்தவள்

சைக்கிளில் கியர் சரியாக விழாவிட்டால் செயின் ஒரு சத்தம் போடும். கடக்... கடக்... டர்ர்க். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி பல் கூசும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு ஷாலினி ஞாபகம் வரும். கூடவே பொறாமையும் வரும்.

பதினோரு வருடம் இருக்கும். சென்னையில் நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ், ஒரே ஹாஸ்டல் ரூம். நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தது.

"உங்க ஊருக்குப் போலாம்டி. கொஞ்ச நாள் அமைதியா இருக்கணும்" என்றாள்.

என் ஊர் திருவண்ணாமலை. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் உலகமே வாசலில் நடந்து போகும். அங்கே போய் அமைதி தேடுகிறாளே என்று சிரித்துக்கொண்டே கூட்டிப் போனேன்.

அவள் எங்கள் வீட்டில் தங்கவில்லை, ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்தாள். காலையில் காபியோடு மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் சொந்தக்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் அத்தை மகளுக்கு வளைகாப்பு.

முதல் நாள் செங்கம் ரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனோம். ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் அடங்காத புத்தகங்களைப் போட்டுவிட்டுப் போகிற கடை. காலேஜ் போன மூன்று வருடமும் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறேன். அது வெளியூர்க்காரர்களுக்கான கடை என்று நானாகவே முடிவுகட்டி, ஒருநாளும் படி ஏறியதில்லை. ஷாலினி ஏறிய கால் மணி நேரத்தில் கடைக்கார பாய் அவளுக்கு ஸ்டூல் போட்டு, டீயும் சொல்லிவிட்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இங்கதான் பாய், அடி அண்ணாமலை."

"அப்டியா? உள்ளூர்க்காரங்க வர்றது ரொம்ப கம்மிம்மா."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அங்கே ஒரு பறவைப் புத்தகம் இருந்தது. முன்பு யாரோ ஊரில் தங்கிப் போனவர், பார்த்த பறவைக்கெல்லாம் பென்சிலால் டிக் அடித்து, எங்கே பார்த்தார் என்றும் எழுதியிருந்தார். எங்கள் தெருமுனைப் புளியமரம்கூட அதில் இருந்தது. டிக் இல்லாதவற்றில் ஒன்று கரண்டிவாயன். வெள்ளை உடம்பு, அலகு மட்டும் அப்படியே கரண்டி.

"அது மலைக்குப் பின்னால இருக்கிற ஏரிக்கு வரும்மா" என்றார் பாய்.

நான் வாங்கலாமா என்று யோசிப்பதற்குள் ஷாலினி வாங்கிவிட்டாள். மூன்றாம் நாள் விடியற்காலை ஏரிக்கு, சைக்கிளில், இருவரும்... அதையும் அவளே முடிவு செய்தாள். வளைகாப்பு மதியம்தானே, போய்விட்டு வந்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். எனக்கும் ஆசைதான்.

ஷாலினி தங்கிய ரூமின் ஓனர் சேகர் அண்ணன், மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள் இரண்டு வைத்திருந்தார். முரட்டு டயர், முன்னால் ஸ்பிரிங், மாற்றும்போதெல்லாம் கடகடக்கிற கியர். இரண்டாம் நாள் மலையடிவார மண்பாதையில் எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"எறக்கத்துல சீட்ல உக்காராதீங்க. முன் பிரேக்க மட்டும் புடிக்காதீங்க, குப்புற தள்ளிடும். கல்லப் பாக்காதீங்க, வழியப் பாருங்க. எதப் பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போவும்."

ஷாலினி நாலு தடவை விழுந்தாள். நாலு தடவையும் சிரித்தாள். அவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் ஒரு தடவைகூட விழவில்லை.

அப்போது எதிரே ஒரு மொபெட் வந்தது. வேர்க்கடலை மூட்டையோடு ஏழுமலை மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் மாமாவைப் பார்த்தேன். வண்டி நேராக அங்கேதான் போனது.

மூட்டை சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"விஜயாக்கா பொண்ணா நீ? பேன்ட்ட மாட்டிக்கினு இங்க இன்னா பண்ற?" என்றார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா திட்டவில்லை.

"நாளைக்கு நாலு பேர் வர்ற எடம். ஆளாளுக்கு கேப்பாங்க. என்னால பதில் சொல்ல முடியாதுடி" என்றாள்.

திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பேன். ஷாலினிக்கு போன் செய்து ஜுரம் என்று பொய் சொன்னேன். என் ஊரில் என்னால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் வளைகாப்புப் பந்தியில் புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஷாலினியிடமிருந்து போட்டோ வந்தது. ஏரி... சேறு அப்பிய சைக்கிள்... தூரத்துத் தண்ணீரில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். அடுத்த போட்டோவில் பறவைப் புத்தகம். கரண்டிவாயனுக்குப் பக்கத்தில் பெரிய டிக்.

என் ஊர் ஏரி. என் ஊர்ப் பறவை. அங்கேயே பிறந்து வளர்ந்த நான் பார்த்ததில்லை. மூன்று நாள் வந்தவள் டிக் அடித்துவிட்டாள். "சூப்பர்டி" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அதே மண்பாதையில் எட்டாவது படிக்கிற ஒரு பெண், தலையில் ஹெல்மெட், தன் உயரத்துக்கு மீறிய கியர் சைக்கிளில் வந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தவர்... ஏழுமலை மாமா. பேத்தியாம்.

"கீழ பாக்காத பாப்பா, நேரா பாரு."

அந்தப் பெண் மேல் வந்த பொறாமை ஷாலினி மேல்கூட எனக்கு வந்ததில்லை.

மாமா மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன். யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எதையாவது சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சைக்கிளை வாங்கி ஏறினேன். மாமா நின்ற பக்கம் திரும்பவே இல்லை, வழியை மட்டும் பார்த்து ஏரி வரை ஓட்டினேன்.

கரையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து, இப்போது கனடாவில் இருக்கும் ஷாலினிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அந்த ஏரிதானே? இங்க பனியில நாலு மாசமா வெளியவே போக முடியல. பொறாமையா இருக்குடி."

அதை அங்கேயே நின்று நாலு தடவை படித்தேன்.

ஏரியில் தண்ணீர் கம்மி. கரண்டிவாயன் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.