நான் வெளியே நின்றபோது எடுத்த பிரஷர்

என்னைக் கண்டாலே பிரஷர் ஏறுகிறது என்று சொல்லாதவர்கள் பாறசாலையில் குறைவு. அங்கே ஃபேனும் மிக்சியும் பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதுதான் அந்தத் தொழிலில் பாதி வேலை. வெறுமனே சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் கூடவே ஒரு தமாஷையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன். திட்டிக்கொண்டே சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே போவார்கள். மிக்சி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

குன்னத்துகாலில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள். "வாயெ வச்சிட்டு சும்மா இரிங்க" என்பதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று எண்ண முடியாது. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் நழுவிப் போயிற்று. அந்த நாட்களில் மட்டும் என் வாய் சும்மா இருந்தது. மூன்றாவது தடவை நிலைத்தது.

தொடக்கத்தில் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "பாருங்க, பஸ்ஸுக்கு ஓடினது போல அடிக்குது" என்பாள். எழுந்து நின்றால் கண் இருட்டும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா இது சகஜம் என்றார். வயிற்றில் பிள்ளை வந்தால் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அத்தனையையும் தள்ளவேண்டிய இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால் நடு மாதங்களில் பிரஷர் கொஞ்சம் இறங்கும், மெல்ல எழுந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

இதை நான் மாமியாரிடம் விளக்கினேன். மாமியார் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரி. மகளுக்குத் தலை சுற்றுகிறது என்று கேட்டதும் பஸ் ஏறி வந்து, கஞ்சித் தண்ணீரில் உப்பு போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் கொறவாக்கும் மருமவனே, அதாக்கும் மயக்கம்."

"கொறவில்ல அத்தெ, கூடுதல். டாக்டர் சொல்லிச்சு."

"ரத்தம் கூடினா ஆராவது மயங்குவாளா? எப்பளும் உங்களுக்கு ஒரு தமாசு."

நான் உண்மை பேசினால் யாரும் நம்புவதில்லை என்பது எனக்கு வாய்த்த வரம்.

ஏழாம் மாதம் மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக மாமியார் வளையலும் முறுக்கும் நெய்யப்பமுமாக வந்தாள். கிளம்புமுன் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று போனோம். கையில் பட்டையைச் சுற்றி சிஸ்டர் காற்றடித்தார். நான் பக்கத்தில் நின்று, "சிஸ்டரே, கூடுதல் அடிச்சா டியூப் வெடிக்கும், பஞ்சர் ஒட்ட எங்கிட்ட ஆளு உண்டு" என்றேன். மனைவி சிரிப்பை அடக்கினாள். தோள் குலுங்கியது. வந்த எண்ணைப் பார்த்த சிஸ்டரின் முகம் மாறியது.

"சேட்டன் வெளியில் நிக்கணும். மிண்டினாலும் சிரிச்சாலும் பிரஷர் கூடுதலாட்டு காட்டும். இவிடெ நின்னு சிரிப்பிச்சா ஞான் எந்தா எழுதுக?"

பேசினாலே பிரஷர் ஏறுமாம். வெளியே போனேன். அவளைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தபோது சற்று இறங்கியிருந்தது. ஆனாலும் இருக்கவேண்டியதைவிட அதிகம்தான். அம்மா வீட்டுக்கெல்லாம் போகவேண்டாம், இங்கேயே இருக்கட்டும், தினமும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். மல்லாந்து படுக்காதே, இடப்பக்கமாகச் சரிந்து படு என்றார். நெய்யப்பத்தை நான் தின்றேன்.

ஆனால் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. நான் வெளியே போனதும் இறங்கியதல்லவா? அப்படியானால் காரணம் நான்தான். என் வாய்தான். இவ்வளவு நல்ல செய்தியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாயை மூடினால் அவள் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும்.

பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினேன். காலையில் அவள் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசையில் வைத்து உட்காருவாள். நான் வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு நடுவே போய் நின்றுகொள்வேன். என் நிழல்கூட உள்ளே விழக்கூடாது. எங்களோடேயே தங்கிவிட்ட மாமியார் பட்டனை அமுக்கி, எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பாள்.

"ஒண்ணு." அது எப்படியும் ஒன்றுதான். "நாலு." அங்கே என் மூச்சு நின்றுவிடும். "எட்டு."

மறுநாள் "ஒண்ணு" என்றாள். பிறகு "அஞ்சு" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மரச்சீனிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் உள்ளே இல்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியும் ஏறியிருக்கிறது.

அடுத்த சந்தேகம் மெஷின்மேல் விழுந்தது. பழுது பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தேன். குழாயில் கசிவில்லை, பேட்டரியும் நன்றாக இருந்தது. என் கையில் சுற்றிப் பார்த்தேன். நூற்றிருபது, எண்பது. பாடப் புத்தகத்தில் படம் வரைந்து போடலாம். என் உடம்பில் அவ்வளவு ஒழுக்கம் இருப்பது எனக்கே தெரியாது. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பழுதுக்குக் கொடுத்த மிக்சியை வாங்க வந்த ஒரு அண்ணன், "எலே, உறங்குதியா?" என்றார். "ஆமா அண்ணாச்சி, நாளைக்கு எந்திரிப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு சிக்கல். ஒரு மத்தியானம் மனைவி இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். அந்தக் கட்டிலில் இடப்பக்கம் என்றால் சுவரைப் பார்த்து. முகம் எனக்குத் தெரியவில்லை. சுவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இஞ்சேருங்க. டாக்டர் உங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்கு, இல்லியா?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"பின்னெ எதுக்கு இப்பிடி மிண்டாம இருக்கிய? நான் சாவப்போறேன், அதாக்கும் நீங்க நல்ல பிள்ளையாட்டு இருக்கிய."

"எடி, பேசினா உனக்கு ஏறுதில்லா?"

"நீங்க மிண்டாம இருக்கது கண்டா அதைவிட ஏறுது."

பேசினாலும் ஏறும், பேசாவிட்டாலும் ஏறும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன். விரல் அமுக்கிய இடம் குழியாகி, நிரம்பாமல் அப்படியே நின்றது.

அடுத்த நாள் அவளுக்கு மண்டை பிளக்கிற வலி. கண் முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். பட்டப்பகல். அண்டை வீட்டுக்காரரின் காரில் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். அங்கே எடுத்த பிரஷரை சிஸ்டர் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். தளர்ந்து இருக்கவேண்டிய ரத்தக் குழாய்கள் இவளுக்கு இறுகிவிட்டன என்றார். இந்த நோய்க்கு வேர் நஞ்சுக்கொடியில். மாத்திரையும் ஊசியும் பிரஷரைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். பிள்ளையை வெளியே எடுப்பதே வழி. மாதம் நிறையவில்லை, பிள்ளை சிறிது. ஆனால் இனியும் காத்திருந்தால் தாய்க்கு வலிப்பு வரலாம், இரண்டு பேருமே கைவிட்டுப் போகலாம்.

நான் கேட்டேன்: "டாக்டரே, நான் கூடுதலாட்டு பேசுற ஆளாக்கும். அதனால வந்ததா இருக்குமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்கள் வாய் பேசாதவராக இருந்தாலும் இது வந்திருக்கும்" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

என்னை விடுதலை செய்துவிட்டார். குற்றம் என்னுடையதாக இருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன். கழற்றி மாட்ட எனக்குத் தெரிந்த ஒரே சாமான் என் வாய்தான். அதுவும் காரணமில்லை என்றால் என் கையில் வேறு ஒன்றுமே இல்லை.

வலிப்பு வராமலிருக்கப் போட்ட ஊசியில் அவளுக்கு உடம்பெல்லாம் தீயாகக் காந்தியது. ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்திலேயே நடந்தேன். மாமியார் பின்னால் சாமி பெயர்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னமாவது சொல்லுங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணும் வருதில்லடி."

"இத்தனை வருசமா நிறுத்துங்க நிறுத்துங்கண்ணு சொன்னேன், நிறுத்தல்ல. இப்ப பாருங்க."

கதவு மூடியது.

பெண் குழந்தை. நான் பழுது பார்க்கிற மிக்சியின் மோட்டார் அதைவிடக் கனம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுக் கம்பிகளோடு கிடந்தது. மேலே ஒரு திரையில் நூற்றைம்பது என்று மின்னியது. அந்த எண்ணைக் கண்டதும் "சிஸ்டரே, இதுக்கும் பிரஷர் நூத்தம்பது" என்று கத்திவிட்டேன். சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சேட்டா, அது ஹார்ட்பீட். குஞ்ஞுங்ஙளுக்கு அத்ரயும் வேணம்" என்றார். அத்தனை வேகமாக அடிப்பதுதான் அதற்கு ஆரோக்கியமாம். நான் வெளியே வந்தேன்.

பிள்ளை வெளியே வந்துவிட்டது, இனி தாய்க்குப் பிரஷர் இறங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி உடனே இறங்காது, பிரசவத்துக்குப் பிந்திய சில நாட்களும் பயமுள்ளவைதான் என்றார் டாக்டரம்மா. அவள் கையில் கட்டிய பட்டை தானாகவே இறுகித் தானாகவே தளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் திரை. கீழே அவள், மேலே பிள்ளை. படிக்கட்டில் ஏறி இறங்கியே அந்த நாட்கள் போயின. கீழே இருக்கும்போது மேலே ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றும். மேலே போனால் கீழே.

ஒரு சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து, "பிள்ளெ எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மேலே நான் கத்தின கதையைச் சொன்னேன். சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காததை நடித்தும் காட்டினேன்.

அவள் சிரித்தாள். தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, வேண்டாம், நிறுத்துங்க" என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து சிரித்தாள் என்று மாமியார் பிற்பாடு சொல்லித்தான் அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பார்க்கவில்லை. பட்டை இறுக ஆரம்பித்திருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.