தம்பியை விசாரிக்க இரண்டு படை

மலேசியாவில், ஈப்போவில் ஒரு லாயர் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். மோட்டார் விபத்து கேஸ்கள்தான் எங்கள் பிழைப்பு. ஆனாலும் எந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடியாது. தம்பி மாட்டிக்கொண்டபோது கவலையோடு சேர்ந்து, வெட்கமே இல்லாமல், ஆர்வமும் வந்தது.

தம்பி தரைப்படையில் லாரி டிரைவர். அவனைக் கடற்படை முகாம் ஒன்றுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து மனைவி உண்டானதால் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தான். லீவு தைப்பூசத்தோடு சரி. ஆனால் மூன்றாம் நாள் இடும்பன் பூசை செய்யாமல் விரதம் எப்படி முடியும்? அதுவும் தைப்பூசத்தில் சேர்த்திதான் என்று நினைத்து, பூசையை முடித்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினான்.

கடற்படை அதிகாரி அன்றே விசாரித்து, இரண்டு வாரம் முகாமை விட்டு நகரக்கூடாது என்று தண்டனை கொடுத்தார். பிரசவமும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான். மறுநாள் தரைப்படையிலிருந்து போன். அவன் எங்கள் ஆள், விசாரிக்க வேண்டியது நாங்கள், ராணுவ நீதிமன்றத்துக்கே அனுப்பினாலும் அனுப்புவோம் என்றார்களாம். அங்கே போனால் வேலையே போகலாம்.

"அப்பீல் பண்ணச் சொல்லுங்க அண்ணி. இவரை அடைச்சி வைக்க நேவிக்காரன் யாரு?" என்று தம்பி மனைவி என்னிடம் அழுதாள்.

எனக்கும் அதே கேள்விதான். ஒரு ஆளுக்கு எத்தனை எஜமான்? எங்கள் லாயரைத் துளைத்தெடுத்தேன். அவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேருக்குமே அதிகாரம் இருக்குலா. ஆனா ஒருத்தர் தண்டிச்சிட்டா, அதே தப்புக்கு இன்னொருத்தர் தொட முடியாது. இப்ப உங்க தம்பிக்கு அந்தத் தண்டனைதான் குடை. அப்பீல்ல அது கேன்சல் ஆச்சுன்னா, தரைப்படை முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பீல் வேணாம்க்கா. நான் இங்கியே இருக்கேன்," என்றான்.

தரைப்படை அப்புறம் கூப்பிடவில்லை. மகள் பிறந்தாள். யாருக்காகக் காவடி எடுத்தானோ, அவளை வீடியோ காலில்தான் பார்த்தான். காவடிக்காக அவன் கன்னத்தில் அலகு குத்திய இடம் இன்னும் சரியாக ஆறவில்லை.

"பூசைக்கு நிக்கத் தெரிஞ்சவருக்குப் புள்ளையைத் தூக்க வரத் தெரியல," என்றாள் தம்பி மனைவி. சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையைப் பிடித்து, திரையில் தெரிந்த அந்தக் கன்னத்தில் வைத்தாள்.

பிஞ்சு விரல் பட்டு லைன் கட்டாகிவிட்டது.