மாஸ்டர் ஆற்றிய கறுப்பு பீர்

மாஸ்டர் போய்விட்டார்.

மலை மேலே செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காப்பிக் கடை வைத்திருந்த பெரியண்ணன் மாஸ்டர். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... எழுந்திருக்கவே இல்லையாம்.

பேளுக்குறிச்சி சந்தையில் பலாப்பழ லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சம்சாரம் ராசம்மா அக்காதான் போன் செய்தார். பாதி லோடை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

இப்போது காரவள்ளி அடிவாரத்தில் நிற்கிறேன். ரேடியேட்டர் கொதித்துவிட்டது. நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் போனில் இதை எழுதுகிறேன்.

மாஸ்டரின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையேறி வரும் பஸ்ஸில் யார் மிளகு மூட்டை ஏற்றியிருக்கிறார்கள் என்று அடிவாரத்தில் வரும்போதே சொல்லிவிடுவார்... சரி, அடிவாரம் இல்லை, கடைசி வளைவு. அதுவே பெரிய விஷயம்தானே?

அப்படிப்பட்ட ஆளுக்குப் போன வருஷம் ஒரு காய்ச்சல். காய்ச்சல் போகும்போது வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் அடிப்பிடித்துக் கடை முழுக்க நாறுகிறது, மனுஷன் பக்கத்திலேயே நிற்கிறார், தெரியவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். வெளியே தெரிந்தால் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்?

"கடையச் சாத்தீர வேண்டீதுதான் மாப்ள. டிகாசன் எறங்குனது எனக்கே தெரியல. ஊரை ஏமாத்திக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்றார் மாஸ்டர்.

நான் இருக்கும்போது சாத்த விடுவேனா?

என் கூடப்பிறந்த அக்கா மகன் பெங்களூரில் பீர் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஸ்டவுட் என்று பெயர். காப்பிக்கொட்டை போட்டுச் செய்த கறுப்பு பீர். கம்பெனி முதலாளியே என் பெயரைச் சொல்லிக் கொடுத்தனுப்பியதாகத்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.

"மாமா, இதை ஜில்லுன்னு குடிச்சா ஒண்ணுமே தெரியாது. குளுமை கொஞ்சம் போகணும்" என்றான். எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று விட்டேன்.

மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம். பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

"ஏனுங் மாப்ள, நான் குடிக்கறதில்லைன்னு தெரியுமில்ல?"

"இது குடிக்கறதுக்கில்லைங்க மாஸ்டர். காப்பி போட்டுச் செஞ்சது, மோந்து பாக்கறதுக்கு."

டம்ளரில் ஊற்றினேன். நல்ல டிகாஷன் கறுப்பு. மேலே நுரை மட்டும் வெல்லப்பாகு கொதிக்கும் நிறம்.

காப்பி என்று காதில் விழுந்ததுதான் தாமதம். கை பழக்கம் சும்மா விடுமா... டம்ளரை ஒரு கையில் தூக்கினார், வட்டாவை மறு கையில் தாழப் பிடித்தார், ஒரு கஜத்துக்கு இழுத்து ஆற்றிவிட்டார்!

பீரை ஆற்றினால் என்ன ஆகும்? நுரை பொங்கி வட்டா நிறைந்து, மேஜை நிறைந்து, அவர் வேட்டி நிறைந்து, அப்படியே ரோடு வரைக்கும் ஓடியது.

அக்கா ஓடி வந்தார். "ஏனுங்க, முழுசா ஒரு டிகாசனக் கீழ கொட்டிப்போட்டீங்களே! கை நடுங்குதுங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் நிற்க முடியவில்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. வட்டாவில் மிச்சம் இருந்ததை மூக்குக்குக் கீழே பிடித்தபடி நின்றார். அப்புறம் ஒரே ஒரு வாய்.

"தீச்சுப்போட்டாங்க மாப்ள... கொட்டையக் கொஞ்சம் தீச்சுப்போட்டாங்க" என்றார். கண்ணில் தண்ணீர். "அடீல கருப்பட்டியாட்டம் வருது."

நானும் வாங்கிக் குடித்தேன். நுரை செத்து, குளுமை போய், கேழ்வரகுக் கூழ் மாதிரி தடிப்பாக இறங்கியது. முதலில் கசப்பு. அப்புறம் வறுத்த வாசம் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. தொண்டையில் ஒரு தித்திப்பு ரொம்ப நேரம் நின்றது. எத்தனையோ குடித்திருக்கிறேன், அது போல ஒன்று இல்லை. ஆற்றினதால்தான் அந்த ருசி என்று பெங்களூருக்கே போன் போட்டுச் சொன்னேன்.

டாக்டரால் ஆகாததை என் பீர் செய்தது என்று மலையில் குண்டூர் நாட்டு ஊர்கள் வரைக்கும் சொல்லிவிட்டேன். மாஸ்டரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதிலிருந்து தினமும் விடிகாலை முதல் டம்ளர் எனக்குத்தான். "எப்படீங்க மாப்ள?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சொன்ன பிறகுதான் அடுத்த ஆளுக்கு ஊற்றுவார். என் நாக்குக்கு அப்படி ஒரு மரியாதை!

இன்றைக்குப் போனில் அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னேன். "மூக்காவது திரும்ப வந்து நிம்மதியாப் போனாருங்கக்கா."

அக்கா அழுவதை நிறுத்தினார்.

"எங்கீங்க தம்பி வந்துச்சு... அந்த ஒரு மத்தியானந்தான். சாயங்காலமே போயிருச்சுங்க. அப்பறம் வரவே இல்லை. உங்க நாக்க நம்பித்தான் கடைய ஓட்டுனாரு."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொன்னா மாப்ள யோசிக்க ஆரம்பிச்சுருவாரு, இப்பத்தான் தைரியமாச் சொல்றாருன்னாருங்க."

தைரியமாகத்தான் சொன்னேன்... இன்றைக்குச் சிக்கரி தூக்கல், இன்றைக்குத் தண்ணி ஜாஸ்தி என்று. அவரும் உடனே மாற்றுவார்.

அதில் பாதி நாள் நாக்குச் சொன்னது. மீதி நாள் வாய்க்கு வந்தது. எது எந்த நாள் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன்... பிடிபடவில்லை.

செம்மேட்டில் இருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்தால் அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள், நான் வரும் வரை எடுக்க வேண்டாம் என்று. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் எந்த லாரியையாவது நிறுத்தி ஏறி வந்துவிடுகிறேன்.

வாரேனுங்க மாஸ்டர்.