இப்பெயரில் இங்கு எவரும் இல்லை

காந்திபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த கட்டடத்துக்கு ராசாத்தாள் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். உரிமையாளர் பொங்கியண்ணன் தன் அம்மாவின் பெயரை முகப்பில் ஆளுயர எழுத்தில் சிமெண்டில் வார்த்து வைத்திருந்தார். மூன்று மாடி, பதினோரு ஆபீஸ். கீழே நுழைந்தவுடன் ஒரு மேஜை, ஒரு இன்டர்காம், பின்னால் பார்சல் வைக்க ஒரு மர அலமாரி. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் அம்மணி என்று கூப்பிட்டோம்.

எங்கள் ஊரில் அது பெயரே இல்லை. கைக்குழந்தையும் அம்மணிதான், கல்யாணப் பெண்ணும் அம்மணிதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவளும் அம்மணிதான். பிரியமும் மரியாதையுமாக வாயில் தானாக வரும் சொல். தொண்ணூற்றைந்தில் அவர் வேலை கேட்டு வந்த அன்று பொங்கியண்ணன், "நாளைலிருந்து வந்துரு அம்மணி" என்றாராம். கட்டடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. வயதில் சின்னவர்களான எங்களுக்கு, நாற்பத்தைந்து வயதுக்காரரை வெறும் அம்மணி என்று கூப்பிடக் கூச்சம். அதனால் அம்மணியக்கா என்றோம். கூரியர் தாளில் வாங்கியவர் பெயர் என்ற கட்டத்தில் அவரே அம்மணி என்றுதான் எழுதுவார்.

நான் புவனா. இரண்டாம் மாடியில் பம்ப்செட் உதிரிபாக ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கோபக்காரி. என் பெயரை யாராவது புவனேஸ்வரி என்று எழுதிவிட்டால் அடித்துத் திருத்தாமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவள் கீழே தினமும் பார்த்துப் பேசியவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

பார்சல் வந்ததும் அம்மணியக்கா அதைத் திருப்பிப் போட்டு, அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் படிப்பார். யாருக்கு வந்தது என்பதை அப்புறம்தான் பார்ப்பார். பிறகு நீள நோட்டில் எழுதுவார். அதற்கப்புறம் இன்டர்காம். "ஏனுங்க, உங்களுக்கொரு பார்சல் வந்திருக்குதுங்க. ஆளனுப்பறீங்களா, நானே கொண்டாரட்டுங்களா?" பேரிங் பெட்டி என்றால் தூக்க முடியாத கனம் இருக்கும். அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்துவிடுவார். நான் சத்தம் போட்டால், "கொளந்தைய இடுக்குன இடுப்புதான கண்ணு" என்று சிரிப்பார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "அதென்னக்கா, எல்லாரும் யாருக்குன்னு பார்ப்பாங்க, நீங்க யாரு அனுப்பினாங்கன்னு பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரே புள்ள கண்ணு. பாப்பா. கணபதில லேத்துப் பட்டறைல வேலை செஞ்ச தம்பி ஒண்ணோட போயிட்டா. வேற சனம். அவிங்கப்பா தலை முழுகிட்டாரு. மூணு மாசங் கழிச்சு பாப்பாகிட்டருந்து லெட்டரு வந்துச்சு. என்ற கண்ணு முன்னாலயே கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு. எந்த ஊருன்னுகூடப் பாக்க உடல."

"அப்புறம்?"

"அவரு கை எட்டாத எடத்துல எனக்கொரு வெலாசம் வேணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன். அந்தத் தம்பிக்குச் சொந்தக்காரங்க ஒருத்தரு எங்க தெருவுல இருந்தாங்க. இந்தக் கட்டடத்துப் பேரையும் வீதியையும் சொல்லி, பாப்பாகிட்டச் சேத்திருங்கன்னு சொல்லிப்போட்டேன். அவிங்களும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. சேத்துனாங்களோ என்னமோ. என்னைக்காச்சும் எழுதுவா."

அந்த மூன்று வருஷமும் பதினோரு ஆபீஸின் பார்சலையும் அவர் புரட்டிப் பார்த்தது இதற்காகத்தான். பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. அவருக்கு அவள் பாப்பா, எனக்கும் பாப்பா. அந்தத் தம்பியின் பெயரையும் அவர் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு கேட்பாரற்றுக் கிடக்கும் பையைப் பார்த்தால் தெருவே விலகிப் போகும் நிலை. பொங்கியண்ணன் வந்து, ஆள் தெரியாத பார்சல் எதையும் வாங்கக் கூடாது என்று எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார்.

பங்குனி உத்திரத்துக்கு அம்மணியக்கா சென்னிமலைக்குப் போனார். அவர் லீவு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாப்பாவுக்காக வேண்டிக்கிட்டிருக்கறேன், மலையேறிப்போட்டு நாளைக்கு வந்தர்றேன். ஒருநாள் பாத்துக்கறயா கண்ணு?" என்று கேட்டார். எங்கள் ஆபீஸிலும் சரி என்றார்கள். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குக் கூரியர்க்காரர் மாசாணம் வந்தார். ஐம்பது வயது, எங்கள் கட்டடத்துக்கு மூன்று வருஷமாக அவர்தான். பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் பழுப்புத் துணி சுற்றித் தைத்த ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பங்காரம்மான்னு போட்டிருக்குதுங்க. ஆபீஸ் பேரு இல்லை. கட்டடத்துப் பேரு மட்டுந்தான் இருக்குது. யாருங்க இது?"

எனக்குத் தெரியவில்லை. அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்டர்காமை எடுத்துப் பதினோரு ஆபீஸுக்கும் வரிசையாகக் கேட்டேன். "உங்ககிட்ட பங்காரம்மான்னு யாராச்சும் இருக்காங்களா?" யாரும் இல்லை. முதல் மாடி ஆடிட்டர், "பங்காரம்னா தெலுங்குல தங்கமாச்சே, தங்கம் இருந்தா எனக்குத்தான்னு வாங்கி வை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். முஸ்தபா, ஹூப்ளி.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பிப்ரவரிக் குண்டுகள்தான் நினைவுக்கு வந்தன. பொட்டலத்தை லேசாக அசைத்தேன், உள்ளே ஏதோ உலோகம் தகரத்தில் பட்டு ஒலித்தது. மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

"நாளைக்கு அம்மணியக்கா வந்ததும் கேட்டுக்கலாமுங்களே. வெச்சிருங்க" என்றார் மாசாணம்.

"நோட்டீஸைப் படிக்கலீங்களா? எடுத்துட்டுப் போங்க."

"அப்படீன்னா எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தேன். துணியின் மேலேயே, என் முத்து முத்தான கையெழுத்தில், 'இப்பெயரில் இங்கு எவரும் இல்லை.' கீழே தேதி, புவனா. அனுப்பியவர் பெயர் வேறு ஏதாவதாக இருந்திருந்தால் ஒருநாள் வைத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் அம்மணியக்கா வந்தார். "நேத்து ஒரு சந்தேகமான பார்சல் வந்துச்சுக்கா, திருப்பி அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "நல்ல வேலை செஞ்ச கண்ணு" என்று சென்னிமலை திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

ஏழு மாதம் போனது. நவம்பரில் ஒருநாள் எங்கள் ஆபீஸ் பார்சலை வாங்கக் கீழே வந்தேன். முப்பது வயது இருக்கும் ஒருவர் துணிப்பையோடு மேஜை முன்னால் வந்து நின்றார்.

"இங்க பங்காரம்மான்னு ஒருத்தங்க வேலை செய்யறாங்களாங்க?"

என் வாய் முந்திக்கொண்டது. "அப்படி இங்க யாரும் இல்லீங்க."

அம்மணியக்கா எழுந்து நின்றார். "நாந்தானுங்க பங்காரம்மா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகுதான் ஏப்ரலில் வந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. அந்த ஆள் பைக்குள் கையை விட்டு அதையே எடுத்து மேஜையில் வைத்தார். தையல் பிரிக்கப்படவில்லை. என் எழுத்து அழியாமல் இருந்தது. அம்மணியக்கா அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கட்டடத்தில் எல்லோருடைய கையெழுத்தும் அவருக்குத் தெரியும்.

"நீ எழுதுனதா கண்ணு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் பேச வரும்.

முஸ்தபாதான் பேசினார். "நான் அவளுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேனுங்க. இது திரும்பி வந்தன்னிக்கு ஒன்னுமே சொல்லல. பெட்டிக்கு அடியில போட்டுட்டா. ஆள் வெச்சு எழுதி அனுப்பிட்டீங்கன்னு நெனச்சிருக்கா. பையன் பொறந்து அஞ்சு மாசமாச்சுங்க. ஒரு தாய் இப்பிடி எழுதச் சொல்லுவாங்களான்னு நேர்ல பாத்துக் கேட்டுடலாம்னு வந்தேன்."

அம்மணியக்கா பல்லால் நூலைக் கடித்துத் தையலைப் பிரித்தார். தகர டப்பாவுக்குள் ஒரு பித்தளை வளையல், ஒரு கடிதம். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எழுத்து தமிழ், சொல்லெல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு புரியாது என்பது உறைத்ததும் அவரே சொன்னார்.

"ஏழாம் மாசம் வருதாம் கண்ணு. இங்க எனக்கு வளையல் போட ஆளில்லை, நீ வந்து போடும்மான்னு எழுதியிருக்கறா. கை பெருத்துப் போச்சாம். அளவுக்கு இந்த வளையல அனுப்பியிருக்கறா."

நான் பயந்து தள்ளி வைத்த சத்தம் அந்த அளவு வளையலின் சத்தம். என்னைப் போல ஒரு முட்டாளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வாரமே அம்மணியக்கா வீட்டில் சென்னிமலை என்று பொய் சொல்லிவிட்டு ஹூப்ளிக்குப் போனார். போகுமுன் கடைவீதியில் அந்தப் பித்தளை வளையலைக் காட்டி, அதே அளவில் இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். "ஏழாம் மாசம் போனாப் போகுது, எப்பப் போட்டா என்ன, என்ற புள்ள கைதான" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் வழக்கம்போல மேஜையில் இருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"கதவத் தொறந்தா. வாங்க, உக்காருங்கன்னா."

"அப்புறம் என்னக்கா? கூப்பிட்டுட்டாளே."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கூட்டுல தெலுங்குதான் கண்ணு பேசுவோம். பேச்சு வந்த நாள்லருந்து அவ எங்கிட்டத் தமிழ்ல ஒரு வார்த்தை பேசுனதில்லை. ரெண்டு நாளும் தமிழ்லயேதான் பேசுனா. சாப்புடுங்க, படுத்துக்கங்க, தண்ணி வேணுங்களான்னு. நான் இங்க வர்றவங்க போறவங்ககிட்டப் பேசுவனே, அதே மாதிரி."

 ஏனுங்க, வாங்க, போங்க என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் அந்த மரியாதையை ஒரு பெண் தன் அம்மாவின் மேல் இப்படிப் போட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பையன மடியில குடுத்தா. வளையல வெச்சுட்டுப் போங்கன்னா. நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. மூணு வருஷமா வேலை பாக்கற எடத்துல உங்க பேரு ஒருத்தருக்குமாங்க தெரியாதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னுதான் சொன்னேன். அதத்தான் அவ நம்பல."

எப்படி நம்புவாள்? என்னிடம் யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். பிரீத்திகா என்ற அவள் பெயரையும் விலாசத்தையும் முஸ்தபா வந்த அன்றே அவரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். நல்ல வேளையாகத் தெலுங்குப் பிள்ளைகளும் எங்கள் ஊரில் தமிழில்தான் படித்தார்கள். டைப் அடிக்காமல் கையால் எழுதினேன். பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்தையும் இதையும் அவள் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, எழுதியது நான், பயந்தது நான், பெயர் கேட்காமல் இருந்தது நாங்கள் எல்லோரும் என்று நான்கு பக்கம். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அம்மணியக்காவிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து இன்டர்காம் அடித்தது.

"புவனா கண்ணு, உனக்கொரு தபாலு திரும்பி வந்திருக்குது. கீழ வர்றயா, நானே கொண்டாரட்டுமா?"

இறங்கிப் போனேன். என் கவர் மேஜையில் இருந்தது. பிரீத்திகா என்று நான் எழுதிய பெயரின் மேல், வாங்க மறுத்துவிட்டதாகத் தபால்காரர் சிவப்பு மையில் குறித்திருந்தார். பிரிக்கவே இல்லை. அம்மணியக்கா இரண்டு பக்கமும் பார்த்திருப்பார், பார்க்காமல் எந்தத் தபாலையும் வைக்க மாட்டார்.  நோட்டை என் பக்கம் திருப்பி, "கையெழுத்துப் போட்டுப்போடு கண்ணு" என்றார்.

போட்டேன். அந்த வரியில் தபாலை வாங்கி வைத்தவர் என்ற கட்டத்தில் பங்காரம்மா என்று எழுதியிருந்தது. மேலே உள்ள வரிகளிலும் அப்படித்தான். முஸ்தபா வந்துபோன நாளிலிருந்து அவர் அம்மணி என்று எழுதுவதை நிறுத்தியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. கட்டடத்தில் அம்மணி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

 அப்போது மாசாணம் வந்து அன்றைய பார்சல்களை மேஜையில் இறக்கினார். அம்மணியக்கா முதல் பார்சலை எடுத்தார். திருப்பிப் போட்டு, அனுப்பியவர் பெயரைப் பார்த்தார்.